கேட் முன்னால் நின்ற கஸ்தூரி

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. அழுக்குத் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கராஜ் பக்கம் போனேன். ஆக்லாந்தில் நாங்கள் இருக்கும் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இடம் கார் நிறுத்தும் கராஜில்தான். கதவருகே போனதும் நின்றுவிட்டேன். உள்ளே நான் பேசிக்கொண்டிருந்தேன்.

என் குரல்தான். என் அவசரம், வாக்கியத்தின் நடுவில் நான் மூச்சு விடும் இடம், 'யெஸ் யெஸ்' என்று இரண்டு முறை சொல்லும் பழக்கம், எல்லாம் அப்படியே இருந்தன. "யெஸ் யெஸ், கம், கம். ஒன்லி ஃப்ரெஷ், சார். டுடே மார்னிங் கம்மிங்." அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. அது மட்டும் என் மகனுடையது.

கதவைத் தள்ளினேன். இனியன் என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்த பக்கெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். பன்னிரண்டு வயது. வீட்டில் இனியன், பள்ளிக்கூடத்தில் இயன்.

"என்னடா இது?"

"ஸ்கூல் டிராமா, அப்பா. டிராமா, பாட்டு எல்லாம் சேர்ந்து ஒரு ஈவினிங். நான் டெய்ரிக்காரன்."

டெய்ரி என்றால் இந்த ஊரில் மூலைக்கடை. வந்த புதிதில் பால்பண்ணை என்று நினைத்துக்கொண்டு, இத்தனை தெருவில் இத்தனை மாடு எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று நான் தேடியதுண்டு. அந்தக் கடைகள் பலவற்றை நம் ஊர்க்காரர்கள் நடத்துகிறார்கள். நாடகத்தில் கடைக்காரர் வந்தால் எல்லாரும் சிரிக்க வேண்டுமாம்.

"யார் மாதிரிப் பேசறே?"

"சும்மா... ஒரு இண்டியன் அங்கிள் மாதிரி."

அவன் காது சிவந்துவிட்டது. நான் துணியைப் போட்டுவிட்டு, சோப்புப் பொடியைக் கொட்ட மறந்து, பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிட்டேன்.

2

இங்கே வந்து நாலு வருடம் ஆகப்போகிறது. சென்னை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத்திலும் மில்லிங்கிலும் கை பழகியவன் என்பதால் குடியேற அனுமதி கிடைத்தது. அனுமதி கொடுத்த அரசாங்கம் ஒன்று, வேலை கொடுப்பவர்கள் வேறு. என் ஐ.டி.ஐ. சான்றிதழை ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே அதைப் பார்த்த அம்மாள், 'இது நல்ல சான்றிதழ்தான், ஆனால் எதற்குச் சமம் என்று எங்களுக்குத் தெரியவில்லை' என்று மிக மரியாதையாகச் சொன்னாள். ஆங்கிலத் தேர்வு எழுதச் சொன்னார்கள். எழுத்தில் நன்றாகத் தேறினேன். பேச்சில்தான் சிக்கல். இன்றைக்கும் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, "சாரி?" என்பார். திரும்பச் சொல்வேன். "சாரி?" மூன்றாவது முறை நான் காகிதத்தில் வரைந்து காட்டிவிடுவேன்.

என் மனைவி கீதாவின் கதை வேறு. முதல் வருடம் பள்ளிக்கூட விழாவுக்கு வந்த அழைப்பில் 'ஒரு தட்டு கொண்டுவாருங்கள்' என்று இருந்தது. அங்கே தட்டுப் பற்றாக்குறை போலிருக்கிறது என்று நினைத்து, நல்ல எவர்சில்வர் தட்டாக ஒன்றைப் பளபளவென்று தேய்த்து எடுத்துக்கொண்டு போனாள். மேசை நிறைய கேக்கும் பிஸ்கட்டும் அடுக்கிய தட்டுகள். தட்டு என்றால் தின்பண்டத்தோடு என்று அர்த்தமாம். கீதா அன்று முழுக்கத் தட்டை முந்தானைக்குள் மறைத்தபடி நின்றாள்.

இதையெல்லாம் நாங்களே சொல்லிச் சிரித்திருக்கிறோம். வீட்டுக்குள் சிரித்தால் வலிக்காது. ஆனால் ஒரு கூடம் நிறைய மனிதர்கள் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கப்போகிறார்கள், அதை என் மகனே அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கப்போகிறான் என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த இரண்டு நாளும் எனக்குக் கஸ்தூரியின் நினைவாகவே இருந்தது.

3

இருபது வருடத்துக்கு முன்னால், எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும் எங்கள் வரிசையில் குடியிருந்தது. ஒரு வீட்டில் 'ஏனுங்க', அடுத்த வீட்டில் 'என்னங்கிறேன்', எங்கள் வீட்டில் 'ஏலே'. திருநெல்வேலிப் பேச்சை அப்பா பட்டணத்துக்கு வந்தும் விடவில்லை. எனக்கு அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: "வெளிய எங்கன வேணாலும் சுத்து. அந்த மெட்ராஸ் பேச்ச மட்டும் வீட்டுக்குள்ள கொண்டாராத, என்னா?"

நான் மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் அப்ரண்டிசாக இருந்தேன். அங்கே கூட வேலை பார்த்த ஞானசேகருக்கு நாடகப் பைத்தியம். அவனே எழுதுவான், அவனே இயக்குவான், பேனரில் எழுத்தும் அவன்தான். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பையன்கள், குவார்ட்டர்ஸ் பையன்கள் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு. வேலை முடிந்ததும் ஒரு டுட்டோரியல் கொட்டகையில் ஒத்திகை. ஆர்மோனியம், போங்கோ, இரவல் கிதார் ஒன்று. பெண் குரல் மட்டும் இல்லை.

கஸ்தூரி பாட்டுக்காகத்தான் வந்தாள். மண்ணூர்பேட்டைக்காரி, பத்தொன்பது வயது. எஸ்டேட் வருவதற்கு முன்பு அந்த இடமெல்லாம் வயல். அவளுடைய அப்பா அங்கே கூலிக்கு நாற்று நட்டவர். அதே மண்ணில் எழும்பிய ஒரு சிறிய கம்பெனியில் அவள் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றினாள். அண்ணன் பலராமன் லோடு வண்டி ஓட்டினான். முதல் நாள் அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். பாட்டு முடியும் வரை வாசலிலேயே நின்றான்.

ஞானசேகர் அந்த வருடம் எழுதிய நாடகம் ஒரு தொழிற்சாலை வாசலில் நடக்கும். காலை ஷிப்டுக்குப் போன கணவன் திரும்பவில்லை. மனைவி கேட் முன்னால் வந்து நிற்கிறாள். உள்ளே அவன் பிரஸ் மெஷினில் அடிபட்டு இறந்துவிட்டான். அது வாட்ச்மேனுக்குத் தெரியும். சொல்லக்கூடாது என்று உத்தரவு. நான்தான் வாட்ச்மேன். மனைவி வேடத்துக்கு வேறு ஆள் இல்லாததால் கஸ்தூரியைக் கேட்டோம். ஒப்புக்கொண்டாள்.

ஞானசேகர் எழுதியிருந்த வசனம் இப்படி: "காவலரே! காலையில் பணிக்குச் சென்ற என் கணவர் இன்னும் இல்லம் திரும்பவில்லை. அவர் திருமுகத்தைக் காணாமல் இங்கிருந்து நகரமாட்டேன்!"

கஸ்தூரி அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒழுங்காகவே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "சேகரு, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

"சொல்லு."

"எங்க தெருவுல இப்டி ஒருத்தி பேசுனான்னு வெய்யி, வாட்ச்மேன் பயந்துடுவான். இன்னாவோ புட்சிக்கிச்சுன்னு."

எல்லாரும் சிரித்தோம். ஞானசேகருக்கு ரோஷம். "அப்போ எப்படிப் பேசுவா? நீயே சொல்லு."

அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். கையெல்லாம் ஆட்டவில்லை. என் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணாத்தே, காலீல வேலிக்கிப் போன மன்சன் இன்னும் ஊட்டுக்கு வரல. ஒருவாட்டி வெளிய வரச் சொல்லு. மூஞ்சப் பாத்துக்கினு பூடறேன்."

போங்கோக்காரன் தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். எனக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது.

ஞானசேகர் நல்லவன். தன் எழுத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ஆனால் அவனுக்குப் பயம் இருந்தது. அந்தக் காலத்தில் மேடையில் மெட்ராஸ் பேச்சு வந்தால் ஜனங்கள் சிரிப்பார்கள். ரிக்‌ஷாக்காரர், குடிகாரர், வேலைக்காரம்மா, எல்லாரும் சிரிப்புக்குத்தான். எங்கள் நிகழ்ச்சியிலேயே நாடகத்துக்கு முன்னால் அப்படி ஒரு துணுக்கு நாடகம் இருந்தது; ரிக்‌ஷாக்காரனாக வந்து வயிறு குலுங்க வைப்பவளும் கஸ்தூரிதான், மீசை ஒட்டிக்கொண்டு.

"கஸ்தூரி, சிரிச்சிடுவாங்க," என்றான் ஞானசேகர்.

"சிரிக்கட்டும். எம்மா நேரம் சிரிப்பாங்கோ? வாய் வலிக்காது?"

அவள் அப்படி லேசாகச் சொன்னாலும் அவளுக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பலராமன் உள்ளே வந்தான். "தோ பாரு. நீ பாட்டு பாடு, மீச வெச்சிகினு கூத்தடி, நான் ஒண்ணியும் சொல்லல. இந்தப் பொம்பள அயுவுறப்ப எவனாச்சும் சிரிச்சான், அன்னியோட நாடகம் கட்டு. இஸ்துகினு பூடுவேன்."

அவன் ஏன் அத்தனை கடுமையாகப் பேசினான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்திருக்கிறான். எழுந்து நின்று படிக்கச் சொன்னபோதெல்லாம் அவன் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்திருக்கிறது. ஒருநாள் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தவன்தான், திரும்பப் போகவில்லை.

4

பொங்கலை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. குவார்ட்டர்ஸ் திடலில் மேடை. முன்னால் நாற்காலிகளில் பெரியவர்கள், பிறகு ஜமுக்காளத்தில் பெண்களும் குழந்தைகளும், பின்னால் மண்ணூர்பேட்டையிலிருந்தும் அயனம்பாக்கத்திலிருந்தும் சைக்கிளில் வந்த கூட்டம். மூன்றாவது வரிசையில் என் அப்பா, வெள்ளைச் சட்டையில்.

பாட்டுகள் நன்றாகப் போயின. பின்னல் கோலாட்டத்தில் ஒரு பையன் கயிற்றில் சிக்கிக்கொண்டான், அதற்கும் கைதட்டல். ரிக்‌ஷாக்காரனாகக் கஸ்தூரி வந்தபோது விசில் அடங்கவேயில்லை. மேடையை விட்டு உள்ளே வந்தவள் மீசையைப் பிய்த்தெடுத்து, முகத்தைக் கழுவி, ஒரு பழைய சேலையைச் சுற்றிக்கொண்டாள். நடுவில் ஞானசேகர் வேண்டுமென்றே ஒரு மெதுவான பாட்டைப் போட்டு ஜனங்களை அடக்கிப் பார்த்தான்.

திரை விலகியது. அட்டையில் செய்த கேட். நான் காக்கிச் சட்டை, தொப்பியுடன். கஸ்தூரி வந்து நின்றாள்.

"அண்ணாத்தே..."

அந்த ஒரு சொல்லுக்கே திடல் சிரித்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பார்த்த ரிக்‌ஷாக்காரனைத்தான் அவர்கள் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "இன்னாமே, மீச எங்க?" என்று கத்தினான். சிரிப்பு இன்னும் ஏறியது.

நான் மேடையில் நின்று பார்க்கிறேன், கூட்டத்தின் ஓரத்தில் பலராமன் நகர ஆரம்பித்துவிட்டான். ஜமுக்காளத்து ஓரமாக மேடையை நோக்கி வருகிறான். கஸ்தூரியும் அவனைப் பார்த்தாள். அவள் ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அல்லது அவசரமாக வசனத்தைக் கொட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் ஒன்றும் செய்யவில்லை. காத்திருந்தாள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, உள்ளேயிருந்து யாராவது வருவார்களா என்று பார்ப்பவள் போல நின்றாள். சிரிப்பு தானாகத் தணிந்தது. அதே சொல்லை மறுபடி சொன்னாள். "அண்ணாத்தே." மறுபடி சிரிப்பு, ஆனால் முன்வரிசை சிரிக்கவில்லை. மறுபடி காத்திருந்தாள். மூன்றாவது தடவை இன்னும் சின்னக் குரலில் சொன்னாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"காலீல வேலிக்கிப் போன மன்சன் இன்னும் ஊட்டுக்கு வரல. ஒருவாட்டி வெளிய வரச் சொல்லு. மூஞ்சப் பாத்துக்கினு பூடறேன்."

அந்தத் திடலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தொழிற்சாலைக் குடும்பங்கள். மெஷின் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் என் வசனத்தைச் சொன்னேன்: "உள்ளே விடக்கூடாதும்மா. போ."

"சரி, நான் வரல. நீ போயி சொல்லு. புள்ள சோறு துன்னாம கீதுன்னு சொல்லு. வந்துடுவாரு."

நாடகத்தில் அந்த இடத்தில் வாட்ச்மேன் தலையைக் குனிய வேண்டும். குனிந்தேன். அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது:

"ஏலே! அந்தப் பிள்ளட்ட ஒரு வார்த்த சொல்லித் தொலையேம்லே!"

என் அப்பா. எழுந்து நின்றுவிட்டார். வாட்ச்மேன் தன் மகன் என்பது அவருக்கு அந்த நிமிடம் நினைவில் இல்லை. ஜமுக்காளத்திலிருந்து ஒரு அம்மாள், "ஆமாப்பா, சொல்லேன்!" என்றாள். பின்னால் மீசை எங்கே என்று கேட்ட கூட்டத்திலிருந்தும் யாரோ, "உடுய்யா அவள உள்ள!" என்று கத்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை. பலராமன் மேடைக்குப் பக்கத்தில் வந்தவன் அங்கேயே, பலகையில் கை வைத்தபடி நின்றுவிட்டான்.

நான் தொப்பியைக் கழற்றினேன். நாடகம் அதோடு முடிகிறது. கஸ்தூரி அந்தத் தொப்பியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது முதுகிலிருந்தே தெரியும்படி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். திரை விழுந்தது.

திரைக்குப் பின்னால் கூடினோம். நிகழ்ச்சியில் கடைசியாகத் துள்ளலான ஒரு குழுப்பாட்டு பாக்கி, அதற்கு முன்குரல் கஸ்தூரி. ஆர்மோனியக்காரன், "கேன்சல் பண்ணிடலாமா?" என்றான்.

கஸ்தூரி சேலை நுனியில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாத்துக்கு? ஜனங்கோ அயுதுகினா ஊட்டுக்குப் போவணும்? வாசி, வாசி."

பாடினாள். முதல் வரியில் குரல் கொஞ்சம் கரகரத்தது, இரண்டாவது வரியில் சரியாகிவிட்டது. சரணம் வருவதற்குள் திடல் முழுக்கத் தாளம் போட்டது. ஒரே மாலையில் ஒரே ஜனத்தை மூன்று விதமாக ஆட்டி வைத்தவளை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். பலராமன் ஞானசேகரிடம் வந்தான். என்ன சொல்வானோ என்று பார்த்தோம். "இத்தயெல்லாம் சைக்கிள்லயா எட்த்துகினு போவீங்கோ? வண்டி கீது, ஏத்துங்கோ," என்றான். அன்று முதல் குழு கலையும் வரை எங்கள் மேடை அவன் வண்டியில்தான் ஊர் ஊராகப் போனது. நசரத்பேட்டையில் ஒருமுறை கூட்டம் கம்மியாக இருந்தபோது, அவனே தெருத் தெருவாகப் போய், தங்கச்சி நடிக்கிறாள் வாருங்கள் என்று ஆள் கூட்டி வந்தான்.

அன்று இரவு சோறு போடும்போது அப்பா அம்மாவிடம், "அந்தப் பிள்ள யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டார்.

5

இரண்டு நாள் முகம் தூக்கித் திரிந்த பிறகு, கட்டணம் குறையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்து கஸ்தூரிக்குப் போன் செய்தேன். அவள் கல்யாணமாகி அயனம்பாக்கத்தில் இருக்கிறாள். நம்பர் எதிர்வீட்டுக்காரர்களுடையது, ஞானசேகர் கொடுத்திருந்தான். ஒரு குழந்தை ஓடிப்போய் அவளை அழைத்து வந்தது. நிமிடத்துக்கு இத்தனை என்று போன் கம்பெனி பிடுங்குவதை நினைத்து, நலம் விசாரிப்பதைச் சுருக்கி, விஷயத்தைச் சொன்னேன். என் பேச்சை என் மகன் மேடையில் பேசப்போகிறான், ஊரே சிரிக்கப்போகிறது என்றேன்.

"புள்ள நல்லா பண்றானா?" என்றாள்.

"நல்லா பண்றான். அதான் கஷ்டம்."

"சிரிக்கற மாரி எய்தின நாடகமா, அயுவுற மாரியா?"

"சிரிக்கிற மாதிரிதான்."

"அப்ப சிரிக்க வெக்கறது அவன் வேல. நான் மீச வெச்சிகினு வந்தப்ப சிரிச்சாங்களே, அன்னிக்கி நீ இன்னா அயுதியா? நீயுந்தான் பின்னாடி நின்னு சிரிச்ச."

"அது வேற, கஸ்தூரி. இங்க நாங்க வெளியூர்க்காரங்க."

கொஞ்சம் யோசித்தாள். பணம் ஓடிக்கொண்டிருந்தது.

"வேறதான். இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு யோசி. உன் பேச்ச இம்மாந் துல்லியமா அவன் எங்க கத்துக்கினான்? காது குடுத்து கேட்டுகினு கீறான்யா. எங்க ஊட்ல என் புள்ளைங்கோ நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

நான் சிரித்துவிட்டேன். அவள் இப்போது காயில் சுற்றுவதில்லை. வீட்டோடு ஒரு தையல் மெஷின். சாயங்காலம் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து ஆண்டு விழாவுக்கு நாடகம் சொல்லிக் கொடுக்கிறாளாம். ராஜா வேஷத்துக்கு நாலு பேர் சண்டை போடுகிறார்களாம். "நாலு பேரையும் ராஜாவா போட்டுட்டேன். கத ஒண்ணும் கெட்டுப் பூடல," என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கீதா தட்டு நிறைய மெதுவடை கொண்டுவந்தாள். ஒரு பெண் பியானோ வாசித்தாள், ஆறு பையன்கள் கடல் பாட்டு ஒன்று பாடினார்கள். பிறகு நாடகம். கவுன்டருக்குப் பின்னால் என் ஸ்வெட்டரில் என் மகன் எழுந்து நின்று, "யெஸ் யெஸ், கம், கம்," என்றான். கூடம் சிரித்தது. எனக்கு ஒரு கணம் குத்தத்தான் செய்தது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பையன் கெட்டிக்காரன். சிரிப்பு முடியும் வரை காத்திருந்து அடுத்த வரியை எடுத்தான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மூன்றாவது வரிக்கு நானும் சிரித்தேன். கீதா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

காரில் வரும்போது பின் இருக்கையிலிருந்து கேட்டான். "அப்பா, கோபமா?"

"இல்லை."

"அப்போ எப்படி இருந்துச்சு? உண்மையா சொல்லு. நாளைக்கு செகண்ட் ஷோ இருக்கு."

சிக்னலில் வண்டியை நிறுத்தினேன்.

"நல்லா இருந்தது. ஒரு இடம்தான் தப்பு. 'ஒன்லி ஃப்ரெஷ்'னு சொல்றே. நான் ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டேன். 'ஒன்லி' கடைசியிலதான் வரணும். நீட்டாம, வெட்டி விடணும். ஃப்ரெஷ் ஒன்லி."

"ஃப்ரெஷ் ஓன்லி."

"ஓ இல்லடா. ஒ. ஒன்லி."

"ஃப்ரெஷ் ஒன்லி."

"இன்னும் கொஞ்சம் வேகமா. வாடிக்கையாளர் சந்தேகப்படறார், உனக்கு ரோஷம் வருது. சொல்லு."

சொன்னான். கீதா வடைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். சிக்னல் பச்சையாகிவிட்டது, பின்னால் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கும் வரை எங்களுக்குத் தெரியவில்லை.